குழந்தைக்குப் பேதியா? வீட்டில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

"தண்ணி தண்ணியாப் போகுது, எதைக் கொடுத்தா நிக்கும்?" கைக்குழந்தைக்குப் பேதி கண்டதும் எல்லா வீட்டிலும் எழும் முதல் கேள்வி இதுதான். இதைத் தள்ளி வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸ் கிருமியால் வருவது. சில நாளில் தானே அடங்கிவிடும். அதற்குள் உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான் குழந்தையைச் சாய்க்கின்றன. போனதை உடனுக்குடன் ஈடுகட்டுவதுதான் நம் வேலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: இது பேதிதானா?

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீர்த்துப் போனால் பேதி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை விஷயம் வேறு. மஞ்சளாக, கொழகொழவென்று, பால் குடித்த ஒவ்வொரு முறையும் போவது அந்த வயதில் இயல்பு. வழக்கத்தைவிடத் திடீரென்று அதிகமாக, தண்ணீராகப் போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

"பல் முளைக்குது, அதான் போகுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல் முளைப்பதால் பேதி வராது. அந்த வயதில் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பதால் கிருமி உள்ளே போகிறது. பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் ஆபத்து.

படி 2: நீர் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள்

மருந்தைத் தேடுவதற்கு முன்னால் குழந்தையை வெளிச்சத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். கண் குழி விழுந்திருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? நாக்கு காய்ந்திருக்கிறதா? கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் போனது?

அடுத்து வயிற்றுத் தோல். தொப்புளுக்கும் இடுப்பின் பக்கத்துக்கும் நடுவே, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மேலும் கீழுமான வாக்கில் மெல்லப் பிடித்துத் தூக்கி, ஒரு நொடி வைத்திருந்து விடுங்கள். பட்டென்று பழையபடி படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் நீர் வற்றத் தொடங்கியிருக்கிறது. மடிப்பு இரண்டு நொடிக்கு மேல் அப்படியே நின்றால் நிலைமை மோசம். மிகவும் மெலிந்த குழந்தைக்கு இந்தச் சோதனை சரியாகக் காட்டாது. மற்ற அறிகுறிகளையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

துறுதுறுவென்று இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். எரிச்சலாக அழுதுகொண்டு, தண்ணீரைக் கண்டால் ஆவலாகப் பிடுங்கிக் குடித்தால் ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்) கொடுக்கத் தொடங்கியபடியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108:

- துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை
- குடிக்க முடியவில்லை, பால் இழுத்துக் குடிக்கவில்லை
- குடித்தது எல்லாமே வாந்தியாகிறது, அல்லது வாந்தி பச்சையாக இருக்கிறது
- மலத்தில் ரத்தம்
- வலிப்பு
- ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை
- இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை

கூடவே கடும் காய்ச்சல் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 3: ஓ.ஆர்.எஸ். கலக்குவது

அதிகம் தவறு நடக்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசு சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும். மருந்துக் கடையில் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் கொட்டி டம்ளரில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உப்பு கூடிப்போனால் குழந்தைக்குக் கெடுதல், குறைந்தால் பயனில்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை லிட்டர் பாட்டிலில் அளந்து, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் போட்டுக் கரையுங்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்காதீர்கள். கலக்கிய பிறகு சூடாக்கவும் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பொட்டலம் கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி என்றால் 5 மில்லி கரண்டி.

இதில் சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதல்ல. பேதியின்போதும் குடலின் சுவரில் ஒரு வழி திறந்தே இருக்கிறது: குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் ஜோடியாக வந்தால் உள்ளே விடும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். சர்க்கரை மிகுந்தால் கதை தலைகீழ். அது உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். பாட்டில் குளிர்பானம், பெட்டி ஜூஸ், வெறும் குளுக்கோஸ் பவுடர் மூன்றும் வேண்டாம் என்பது இதனால்தான். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் விற்றன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. இருந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். இளநீரில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே அதையும் கொடுக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல.

1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் நிரம்பிய, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. படிக்காத தாயும் தகப்பனும் கொடுத்தே பிழைக்க வைத்த மருந்து இது. உங்களாலும் முடியும்.

படி 4: புகட்டுவது

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதாவது 200 மில்லி டம்ளரில் கால் முதல் அரை டம்ளர். இரண்டு வயதுக்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர்.

மொத்தமாக ஊற்றினால் வாந்திதான் வரும். குழந்தையை மடியில் சற்று நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. கைக்குழந்தைக்குப் பாலாடையின் மூக்கைக் கடைவாயோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், விழுங்கியதும் அடுத்தது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தி வந்ததால் ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி தொடர்ந்து போகும். அது பேதியை நிறுத்தும் மருந்தே அல்ல. குழந்தை விளையாடுகிறதா, சிறுநீர் போகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா? இவை சரியாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

படி 5: ஜிங்க், 14 நாள்

ஜிங்க் என்பது துத்தநாகச் சத்து. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை தினமும் 10 மில்லிகிராம், அதற்கு மேல் ஐந்து வயது வரை 20 மில்லிகிராம். சுகாதார நிலையத்தில் தரும் 20 மில்லிகிராம் மாத்திரை ஒரு கரண்டித் தாய்ப்பாலிலோ ஆறிய தண்ணீரிலோ கரைந்துவிடும். சின்னக் குழந்தைக்குப் பாதி மாத்திரை. மூன்றாம் நாளே பேதி நின்றாலும் பதினான்கு நாளும் கொடுங்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவையே நிறுத்தி வயிறு உப்பிப்போகும். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். தொக்கம் எடுக்கிறேன், குடல் தட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

படி 6: சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் குழைந்த பருப்புச் சாதம், இட்லி, தயிர்ச்சாதம், மசித்த வாழைப்பழம், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, எது இறங்குகிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை. "வயித்துக்கு ஓய்வு கொடு" என்று பட்டினி போட்டால் மெலிந்துபோகும். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

படி 7: அடுத்த முறை வராமல் இருக்க

குழந்தையைக் கழுவிவிட்ட பிறகும், ஊட்டுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைக்குழந்தையின் மலத்தில் கிருமி இல்லை என்று வாசலில் கொட்டிவிடாதீர்கள், கழிப்பறையில் போடுங்கள். பால் பாட்டிலைவிடப் பாலாடையும் கிண்ணமும் கழுவச் சுலபம்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்; 6, 10, 14-வது வாரங்களில் போடுவார்கள். நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவேக் மருந்தைச் சோதித்துப் பார்த்த இடங்களில் வேலூரும் ஒன்று. எல்லாப் பேதியையும் அது தடுக்காது. குழந்தைகளை மோசமாகப் படுக்க வைக்கும் ரோட்டா பேதியை வெகுவாகக் குறைக்கும். தடுப்பூசி அட்டையை எடுத்து, மூன்று தவணையும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால், குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லையென்றால், அடுத்த தடுப்பூசி நாளன்று கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். வரும்போது இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்.ஸும் வாங்கி வந்து வையுங்கள்.