த்ரீ நாட் த்ரீயின் அசல் வரைபடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கும்பகோணத்தில் எங்கள் தெரு ஆசாரியிடம் ஒரு த்ரீ நாட் த்ரீயை, அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைபிளை, மரத்தில் செய்யச் சொன்னேன். அக்கா மகன் குடியரசு தின ஊர்வலத்தில் முதல் உலகப்போர் சிப்பாயாக வேஷம் கட்டுவதாக ஏற்பாடு. இணையத்தில் கிடைத்த ஒரு படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அவரும் அப்படியே இழைத்துக் கொடுத்தார். வேலையில் குறை இல்லை, படத்தில்தான் குறை. உடம்பு 1907 மாடல், மூக்கு (குழல் முனைப் பகுதி) மட்டும் இரண்டாம் உலகப்போர் காலத்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ரெண்டு துப்பாக்கிய ஒட்டிப் போட்டிருக்கீங்க?" என்று சிரித்தார்.

அதற்கப்புறம்தான் அசல் வரைபடம் தேட ஆரம்பித்தேன். நான் சுற்றிய சுற்று உங்களுக்கு வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெயரை விடுங்கள், முத்திரையைப் படியுங்கள்

'லீ என்ஃபீல்டு' என்பது ஒரு துப்பாக்கியின் பெயரல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அதை மட்டும் தட்டித் தேடினால் நான் மாட்டிய மாதிரிதான் மாட்டுவீர்கள். மரக்கட்டையின் கழுத்தில், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடிக்குக் கீழே ஓர் இரும்புப் பட்டை இருக்கும். கிரீடம், ஆலையின் பெயர், வருடம், மாடல் எல்லாம் அதில்தான் பொறித்திருக்கும். ஜி.ஆர்.ஐ. என்று இருந்தால் ஜார்ஜ் மன்னர் காலத்து இந்தியத் தயாரிப்பு. கல்கத்தா பக்கம் ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் ஆலையில் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது, ஆர்.எஃப்.ஐ. (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்ற எழுத்துகளும் வந்தன.

இந்தக் குடும்பத்தில் மார்க் 3 என்ற மாடல் 1907-இல் வந்தது. போர் நெருக்கடியில் வேகமாகச் செய்யவேண்டி, 1916-இல் மேகசினை (தோட்டாப் பெட்டியை) மறைக்கும் தகடு, தூரத்துக் குறிபார்க்கும் பக்கவாட்டுக் கருவி போன்றவற்றைக் கழித்துவிட்டார்கள். அதுதான் மார்க் 3 ஸ்டார். ஒரு நட்சத்திரம் விட்டுப்போனால் வேறு வரைபடம் கைக்கு வரும்.

கையில் பழைய போட்டோ மட்டும்தான் இருக்கிறதா? மூக்கைப் பாருங்கள். மார்க் 3-க்கு முனை மொட்டையாக, தட்டையாக இருக்கும். அடுத்து வந்த நம்பர் 4 மாடலில் குழல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

2. 'அசல்' எது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இது எனக்கே பிடிபட நாளானது. பிரிட்டிஷ் ராணுவத்தில் கடைசித் தீர்ப்பு காகிதத்திடம் இல்லை. ஒப்புதல் கிடைத்த ஒரு துப்பாக்கியையே அரக்கு முத்திரை வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். மற்றதெல்லாம் அதை ஒத்திருக்க வேண்டும். நம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல் அளக்க 'ஆடவல்லான் என்னும் மரக்கால்' வருகிறதே, அந்த மாதிரிதான். அளவைப் பொருளே சட்டம்.

அந்த மாதிரித் துப்பாக்கிகள் இருந்த அறைக்குப் பேட்டர்ன் ரூம் என்று பெயர். இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலை 1988-இல் மூடியதும் அந்தச் சேகரிப்பு நாட்டிங்ஹாமுக்குப் போனது; 2005-இல் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகத்தின் பொறுப்பில் சேர்ந்தது. ஆக, வரைபடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாதிரியை அளந்து வரைந்த படமும் நல்ல ஆதாரம்தான்.

தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் பல இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றிலுள்ள திரித் துப்பாக்கிகளுக்கு (திரியில் நெருப்பு வைத்துச் சுடுபவை) ஆலை வரைபடம் தேடி அலையவேண்டாம். கொல்லன் கையளவில் செய்தவை அவை.

3. இலவசமாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள்

காப்புரிமைப் பத்திரங்கள். கூகுள் பேடன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட் ஆகிய இரண்டு தளங்களிலும் காசு கிடையாது. லீ என்ஃபீல்டின் 'லீ'யான ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879-இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையின் எண் 221328. போல்ட்டுக்குக் கீழே பெட்டி மேகசின் வைக்கும் யோசனையை அதில் கோட்டோவியமாகவே பார்க்கலாம். ஆனால் அளவுகள் இருக்காது. வேலை செய்யும் விதம் மட்டும் புரியும்.

4. ஆவணக் காப்பகங்கள்

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 'அபிலேக் படல்' என்ற தளம் உண்டு. வீட்டிலிருந்தபடியே பதிவு செய்து, ராணுவத் துறைக் கோப்புகளைத் தேடலாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் போர் அலுவலகக் கோப்புகள் டபிள்யூ.ஓ. என்று தொடங்கும்; ஆயுத ஆலைகளுக்கு எஸ்.யூ.பி.பி. 5 என்ற வரிசையைப் பாருங்கள். இந்தியா சம்பந்தப்பட்ட ராணுவத் துறைக் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கின்றன.

'டிராயிங்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடாதீர்கள். 'பேட்டர்ன்', 'ஸ்பெசிஃபிகேஷன்', 'பிளேட்' என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் ஸ்கேன் ஆகியிருக்காது. கோப்பு எண், மாடல், வேண்டிய பாகம் மூன்றையும் எழுதி நகலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். "துப்பாக்கிப் படம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் பதிலும் மொட்டையாகத்தான் வரும்.

அமெரிக்கத் துப்பாக்கி என்றால் பாதி வேலை மிச்சம். உதாரணத்துக்கு, தொடக்க கால எம்1 கேரண்ட் ரைபிளின் ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்பு உடம்பு) டி28291 என்று பொறித்திருக்கும். அது வரைபட எண்ணேதான். முன்னாலுள்ள எழுத்து தாளின் அளவைக் குறிக்கும். அந்தக் கோப்புகளுக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 156-ஆம் பதிவுத் தொகுதியைப் பார்க்கவேண்டும்.

5. கைக்கு வந்த தாளைச் சோதியுங்கள்

வலது கீழ் மூலைக் கட்டத்தை முதலில் பாருங்கள். எண், தேதி, திருத்தப் பட்டியல் எதுவுமே இல்லையென்றால் யாரோ பிற்பாடு வரைந்தது. 1916 என்று சொல்லி விற்கும் பிரிட்டிஷ் படத்தில் மில்லிமீட்டர் கணக்கு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அன்று எல்லாம் அங்குலம், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். படத்தின்மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. ப்ளூபிரிண்ட் தாள் நனைந்து காய்ந்ததில் சுருங்கியிருக்கும். எழுதியிருக்கும் எண்தான் கணக்கு.

மரத்தில் செய்ய இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றதும் ஆசாரி, "என் பென்சில் கோடே அதவிடத் தடிமன் சார்" என்றார். மொத்த நீளம் 44.5 அங்குலம், மூக்கு மொட்டை என்ற இரண்டும் சரியாக வந்தால் போதும் என்று முடிவு செய்தோம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. படம் வைத்திருப்பது வேறு, அதைப் பார்த்து இரும்பில் செய்வது வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். லேத் பட்டறை நண்பர் ஆசை காட்டினாலும் மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.