நிலாப் படம் அழகாக இருந்தது, அறிவியல் தப்பாக இருந்தது

ஏழாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து நிலாவின் பிறைகள் பற்றி ஒரு ஆப்பில் ஸ்டாப் மோஷன் படம் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்த்து ஓட்டுவது) செய்தார்கள். கறுப்புச் சார்ட்டில் ஜிகினா நட்சத்திரம், வெள்ளை அட்டையில் நிலா, பின்னணியில் புல்லாங்குழல். 20 விநாடி ஓடியது. நான் கைதட்டினேன், பத்துக்குப் பத்து போட்டேன், பக்கத்து வகுப்புக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: நிலாவின் மேல் ஒரு கறுப்பு வட்டம் மெல்ல நகர்ந்து வருகிறது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'பூமியின் நிழல்' என்று எழுதியிருந்தது.

பூமியின் நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம். பிறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிலாவின் ஒரு பாதி மேல் எப்போதும் வெயில் படுகிறது. அது பூமியைச் சுற்றி வரும்போது, வெயில் பட்ட அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவுதான் பிறையாகத் தெரிகிறது. வளர்பிறை அட்டமி அன்று மாலை சூரியன் மேற்கே மறையும்போது அரை நிலா உச்சி வானத்தில் நிற்கும். பூமியின் நிழலோ கிழக்கே நீண்டு கிடக்கும். அது எப்படி உச்சியில் இருக்கிற நிலாவின் மேல் விழும்?

இதே பிள்ளைகள் தேர்வில் பிறை பற்றிய கேள்விக்குப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள். மனதுக்குள் இருந்த தப்பான படம் விடைத்தாளில் தெரியவே இல்லை. ஆப் அதை வெளியே எடுத்து என் கண் முன்னால் ஓட்டியது. நான் ஜிகினாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஆப்களைக் கொண்டு பாடம் நடத்தும்போது நாம் செய்கிற தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்: அலங்காரத்துக்கு மதிப்பெண் போடுவது. இப்போது நான் பத்தில் ஏழை விஷயத்துக்கு வைத்துவிடுகிறேன். இரண்டு, பார்க்கிறவருக்குப் புரிகிறதா என்பதற்கு. அழகுக்கு ஒன்று. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் முதல் பீரியடு முழுக்கப் பின்னணி இசை தேடுவதிலேயே போய்விடும்.

அதோடு, போனை எடுப்பதற்கு முன் தாள். ஒரு வெள்ளைத் தாளை ஆறு கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காட்சி வரையச் சொல்கிறேன். கீழே ஒரே ஒரு வரி, 'இது ஏன் நடக்கிறது?' அந்த நிலாக் குழு இப்படி வரைந்திருந்தால் மூன்றாவது கட்டத்திலேயே பிடித்திருப்பேன். மறுபடி செய்யச் சொன்னபோது டார்ச்சும் வெள்ளை ரப்பர் பந்தும் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனார்கள். ஒருத்தி நடுவில் பூமியாக நின்று, பந்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினாள், அவள் கண் உயரத்தில் போன். சில படங்களில் அவள் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. ஆனால் பிறை சரியாக வந்தது.

அடுத்த தவறு, பாடத்துக்கு முன்னால் ஆப்பைத் தேர்ந்தெடுப்பது. பயிற்சி முகாமில் ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள். மறுநாளே அதை எந்தப் பாடத்தில் செருகலாம் என்று தேட ஆரம்பிப்போம். நானும் தேடியவன்தான். தலைகீழாகப் போனால் எளிது. நேரம் போகப் போக மாறுகிற விஷயமா? பச்சைப்பயறு முளைப்பது, பிறை, செரிமானம் எல்லாம் ஸ்டாப் மோஷனுக்கு ஏற்றவை. 'இப்படி நடந்தால் அப்படி ஆகும்' என்கிற விஷயமா? கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகளே புரோகிராம் எழுதுகிற ஸ்க்ராட்ச் இருக்கிறது. முக்கோணத்தின் மூலையை இழுத்துப் பார்த்துக் கோணங்களின் கூட்டுத்தொகை மாறுகிறதா என்று சோதிக்க ஜியோஜீப்ரா என்கிற கணித ஆப். தாத்தாவிடம் பழைய ஏரிப் பாசனம் பற்றிக் கேட்டு வர வெறும் குரல் பதிவே போதும். தாளும் பென்சிலும் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெம்ப்ளேட் (ஆப்பே தயாராக வைத்திருக்கிற வடிவமைப்பு) விஷயம் இன்னொரு தலைவலி. கேன்வா என்கிற டிசைன் ஆப்பில் மழைநீர் சேமிப்புக்குப் போஸ்டர் செய்யச் சொன்னேன். வந்த எட்டிலும் அதே நீலத் துளி, அதே பச்சை இலை. பிள்ளைகள் முடிவு செய்தது எழுத்தின் நிறத்தை மட்டும். இப்போது வெற்றுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும், ஒரு படமாவது அவர்களே எடுத்ததாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பள்ளி மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று அப்போதுதான் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். (எங்கேயும் போய் முடியவில்லை, பாதியில் உடைந்திருந்தது. போஸ்டரில் அதுவும் வந்தது.)

ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுக்கும்போது இதே தவறு வேறு வேடத்தில் வரும். ஆசிரியர் புரொஜெக்டரில் ஒவ்வொரு கட்டையாக இழுத்துப் போடுவார், முப்பது பேரும் அதையே இழுப்பார்கள். ஸ்க்ராட்சைத் திறந்ததும் திரையில் நிற்பது ஒரு பூனை. கடைசியில் முப்பது பூனைகள் ஒரே மாதிரி பத்தடி நடந்து ஒரே மாதிரி மியாவ் சொல்லும். 2007-ல் ஸ்க்ராட்சை வெளியிட்ட அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் பெயரே 'வாழ்நாள் முழுக்க மழலையர் வகுப்பு' என்ற பொருளில் அமைந்தது. மணலில் வீடு கட்டி இடித்து விளையாடுவதுபோலத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். ஐந்து நிமிடம் காட்டுங்கள், பிறகு பூனையைச் சுவரில் முட்டித் திரும்ப வையுங்கள் பார்க்கலாம் என்று விட்டுவிடுங்கள். கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும்.

நேரக் கணக்கைப் பார்க்காமல் இறங்குவது எல்லாரும் ஒருமுறையாவது படுகிற பாடு. விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் 20 விநாடிக்கு 240 படம். 40 நிமிட பீரியடில் அது நடக்காது. விநாடிக்கு 5 படம் போதும், 100-ல் முடிந்துவிடும், கொஞ்சம் தத்தித் தத்தி ஓடினாலும் விஷயம் புரியும். போனை யாரும் கையில் பிடிக்கக் கூடாது. இரண்டு செங்கல் நடுவில் செருகி வையுங்கள். ஜன்னல் ஓரத்தில் எடுத்தால் மேகம் வந்து போகும்போதெல்லாம் படம் மினுக்கும், எனவே ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போடுங்கள்.

ஐந்து பேருக்கு ஒரு டேப்லெட் கொடுத்தால் அது யார் கையில் இருக்கும்? வீட்டில் போன் பழகிய பையன் கையில். மற்ற நால்வரும், அதிலும் பெண் பிள்ளைகள், அட்டை வெட்டிக்கொண்டும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டும் இருப்பார்கள். குழு வேலை நடக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதி வேலையை மாற்றுகிறேன். அந்தப் பையனுக்கு முதலில் கத்தரிக்கோல்தான்.

தமிழில் தட்டச்சு செய்வது தனிக் கதை. சில வீடியோ எடிட்டிங் ஆப்களில் 'கொடி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். யூனிகோடை (எல்லா மொழி எழுத்துகளுக்குமான கம்ப்யூட்டர் குறியீட்டு முறை) ஒழுங்காகக் காட்டாத ஆப்பில் இப்படி நடக்கும். வகுப்புக்கு முந்தைய நாளே 'கொ', 'கை', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். சரியாக வராவிட்டால் எழுத்தையே விட்டுவிட்டுக் குரலில் சொல்ல வையுங்கள். எழுத்தில் நாலு வரியோடு நின்றுவிடுகிற பிள்ளை மைக்கைக் கண்டதும் நாலு நிமிடம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்று. கணக்குத் தொடங்க ஆப் வயது கேட்கும், பிள்ளைகள் ஏதோ ஒரு பிறந்த ஆண்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நாமும் முகம், பெயர், வகுப்பு எல்லாம் தெரிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவோம். இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கணக்கே கேட்காத ஆப்களை எடுப்பது நல்லது. ஸ்க்ராட்சைக் கணக்கு இல்லாமலே பயன்படுத்தலாம், கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். நிலாப் படத்தைப் போல முகமே வராத வேலைகளாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படங்கள் போனை அடைத்துக்கொள்ளும் முன் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள், தப்பாக வந்தவற்றையும் சேர்த்து. ஒவ்வொரு ஆண்டும் பிறைப் பாடம் வரும்போது அந்த முதல் படத்தைத்தான் போடுகிறேன், செய்தவர்களிடம் கேட்டுக்கொண்டுதான். "இதில் என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பாதி வகுப்பு, ஒரு தப்பும் இல்லை சார் என்கிறது.