வாக்கி டாக்கியில் பேசும் பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

பாம்பனிலும் மண்டபத்திலும் கடலுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் கையடக்க வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வாக்கி டாக்கி, பேசும் பொத்தானை அழுத்திய கணத்தில், ரேடியோ அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டராக மாறுகிறது. ஒவ்வொரு பகுதியையும் தாளில் ஒரு கட்டமாக வரைந்து, அம்புக்குறியால் இணைத்தபடியே படியுங்கள்.

முதல் கட்டத்தில், குரலை மின்னழுத்தமாக மாற்றும் மைக்கை வரையுங்கள். அதை அடுத்த மின்சுற்று, குரலில் ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அளவு மீறும் உச்சிகளை வெட்டிவிடுகிறது. ஆகவே, இன்ஜின் இரைச்சலை மீறிக் கத்தினால் பேச்சு கூடுதல் தூரம் போகாது, சிதையத்தான் செய்யும்.

இரண்டாவது கட்டம்தான் கருவியின் இதயம் என்பேன். அபாய அழைப்புக்கு உரிய 16ஆம் சேனலின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ்; அந்த அலையை ஓர் அலையியற்றி, அதாவது சீரான மின்னலைவை உண்டாக்கும் மின்சுற்று, உண்டாக்குகிறது. வெயிலிலும் குளிரிலும் அது விலகாமல் இருக்க, பி.எல்.எல். என்னும், அதிர்வெண்ணைப் பூட்டிவைக்கும் மின்சுற்று அதன் அதிர்வெண்ணை, எடுத்துக்காட்டாக, 6,272 ஆல் வகுத்து 25 கிலோஹெர்ட்ஸ் ஆக்குகிறது; 12.8 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணை 512 ஆல் வகுத்தாலும் அதே 25 கிலோஹெர்ட்ஸ்தான் வரும். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அலையியற்றியின் மின்னழுத்தத்தைத் திருத்துகிறது. சேனலை மாற்றும்போது மாறுவது அந்த 6,272 என்னும் எண்தான். குரல் மின்னழுத்தம், மின்னழுத்தத்துக்கேற்ப மின்தேக்குத்திறன் மாறும் ஒரு வரக்டர் டையோடு வழியாக இதே அலையியற்றியை அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் அசைக்கிறது. பி.எல்.எல். இதையும் பிழையென்று திருத்திவிடாதா என்று கேட்பீர்கள், நல்ல கேள்வி. அதன் திருத்தம் மெதுவானது என்பதால், வேகமாக அசையும் குரல் தப்பிவிடுகிறது. குரலுக்கேற்ப அலையின் அதிர்வெண்ணை இப்படி அசைப்பதே அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.).

அடுத்து, சில மில்லிவாட் மட்டுமே உள்ள அந்த அலையைப் பெருக்கிகள் படிப்படியாக உயர்த்த, கடைசி டிரான்சிஸ்டர் 5 வாட் வரை தருகிறது. பேட்டரியிலிருந்து வாங்கும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகிவிடுவதால்தான், நீண்ட நேரம் பேசினால் கருவி சுடுகிறது. துறைமுகத்துக்குள் இருப்பவருடன் பேச 1 வாட் போதும்.

கடைசிக் கட்டம், சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட வடிப்பான். பெருக்கியில் கூடவே பிறக்கும் 313.6 மெகாஹெர்ட்ஸ் போன்ற மடங்கு அலைகளை அது தடுத்து, வேண்டியதை மட்டும் ஆண்டெனாவுக்கு விடுகிறது. ஆண்டெனா இல்லாமல் பொத்தானை அழுத்தினால், வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பிவந்து கடைசி டிரான்சிஸ்டரைக் கெடுக்கலாம். உப்புக்காற்றில் ஆண்டெனாவின் அடித்திருகில் பச்சைக் களிம்பு ஏறினாலும் ஏறக்குறைய அதே நிலைதான். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அதைத் துடைத்து, ஈரம் போக உலர்த்திவிடுங்கள்.