ஹாஸ்கெல்லில் லூப் எழுதுவது எப்படி

ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில் ஃபார், வைல் என்று தனி லூப் கட்டளைகள் கிடையாது, ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றவும் முடியாது, அதனால் சி, பைத்தான் எழுதிப் பழகியவர்கள் முதலில் திணறத்தான் செய்வார்கள். இங்கே லூப் என்றால் ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே மறுபடி அழைப்பது.

கடலூர் துறைமுகத்தில் ஏலம் போன கூடைகளின் எடை 12, 7, 20 கிலோ என்று ஒரு லிஸ்ட்டில் இருக்கிறது, மொத்தம் வேண்டும். முதலில் நிற்க வேண்டிய இடத்தை எழுதுங்கள்: லிஸ்ட் காலி என்றால் விடை 0. (இந்த வரியை விட்டுவிட்டால் கடைசியில் எரர் அடித்து நிற்கும்.) அப்புறம், முதல் எடையோடு, மீதி லிஸ்ட்டுக்கு இதே ஃபங்ஷன் தரும் விடையைக் கூட்டச் சொல்லுங்கள். 12 + (7 + (20 + 0)), ஆக 39.

லிஸ்ட் ரொம்பப் பெரிதானால் இன்னும் முடிக்காத கூட்டல்கள் ஸ்டாக்கில் (பாதியில் நிற்கும் வேலைகளை வைத்திருக்கும் நினைவகத்தில்) தேங்கும். அப்போது இதுவரை வந்த மொத்தத்தையும் இன்னொரு ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்து அனுப்புங்கள்: 0, 12, 19, 39 என்று அது வளர்ந்துகொண்டே போகும், லிஸ்ட் காலியானதும் அதுதான் விடை. ஆனால் ஹாஸ்கெல் சரியான சோம்பேறி, கேட்கும்வரை கூட்டாது. ஃபங்ஷனை வரையறுக்கும் இடத்தில் அந்த ஆர்க்யுமென்ட்டுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி (!) போட்டால் அப்போதைக்கப்போதே கூட்டிவிடும்.

பழகியபின் பெரும்பாலும் மேப் (ஒவ்வொன்றையும் மாற்ற), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் எடுக்க), ஃபோல்ட் (எல்லாவற்றையும் ஒரே விடையாகச் சேர்க்க) என்ற மூன்று ரெடிமேட் ஃபங்ஷன்களே போதும்.