சீன மொழியில் ஆய்வுக் கட்டுரை: தேர்வில் தேறியவர்களும் செய்யும் தவறுகள்

எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் திறனறித் தேர்வில் ஆறாம் நிலையின் எழுத்துப் பகுதியில், சுமார் 1,000 எழுத்துகள் கொண்ட ஒரு கதையைக் கொடுத்துப் படிக்க 10 நிமிடம் தருவார்கள். பிறகு அதை வாங்கிக்கொள்வார்கள். நினைவில் நிற்பதை 35 நிமிடத்தில் சுமார் 400 எழுத்துகளில் சுருக்கி எழுத வேண்டும். சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது. இதில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர், சீனப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஒரு கருத்தை நிறுவும் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அவர் இதுவரை பழகியது கதைச் சுருக்கம், கேட்கப்படுவதோ வாதம். பெரும்பாலான தவறுகள் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

சீனர்கள் பேச்சு வழக்கை 'கோவ்யூ' என்றும் எழுத்து வழக்கை 'ஷூமியென்யூ' என்றும் பிரித்துச் சொல்வார்கள். தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வீட்டில் பேசும் தமிழில் நாம் தலையங்கம் எழுதுவதில்லை. ஆனாலும் சீன மொழி என்று வந்தவுடன் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வெறும் சொல் மாற்றமாக நினைத்துவிடுகிறோம். 'எனக்குத் தோன்றுகிறது' என்னும் 'ஜ்யுவெதே'க்குப் பதில் 'கருதுகிறேன்' என்னும் 'ரென்வெய்'. 'ஏனென்றால்' என்னும் 'யின்வெய்'க்குப் பதில் 'யோவ்யூ'. 'நான்' என்னும் 'வோ'வுக்குப் பதில் 'இக்கட்டுரை' என்று பொருள்படும் 'பென்வென்'. இந்தப் பட்டியல் சரிதான், மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். ஆனால் சொல் மாறும்போது வாக்கியத்தின் கட்டும் மாறுகிறது. அதைப் பட்டியல் சொல்லித் தராது.

'ஜின்ஷிங்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'மேற்கொள்ளுதல்' என்று பொருள். ஆய்வுக் கட்டுரைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். இதன் பின்னால் ஓரசை வினை வராது. 'சா' என்றாலும் 'தியாவ்சா' என்றாலும் ஆராய்ந்து பார்த்தல்தான். ஆனால் 'ஜின்ஷிங் தியாவ்சா' மட்டுமே சரி, 'ஜின்ஷிங் சா' பிழை. இந்த விதியைப் பலரும் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த விதியில்தான் நாம் வழுக்குகிறோம். 'சிக்கலை ஆய்வு செய்தல்' என்று தமிழில் எழுதும்போது செயப்படுபொருள் இயல்பாக வந்து அமர்கிறது. அந்தப் பழக்கத்தில் 'ஜின்ஷிங் ஃபென்ஷி வென்தி' என்று எழுதுகிறோம். ('ஃபென்ஷி' பகுப்பாய்வு, 'வென்தி' சிக்கல்.) சீனத்தில் இது நிற்காது. சிக்கலை முன்னால் கொண்டுவந்து, அதற்கும் முன் 'துய்' சேர்த்து, 'துய் வென்தி ஜின்ஷிங் ஃபென்ஷி' என்று எழுத வேண்டும். 'சிக்கல் குறித்துப் பகுப்பாய்வு மேற்கொள்ளுதல்' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் தவறாது. என் முதல் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வகைதான். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இன்னொன்று, 'தோங்குவோ' என்று தொடங்கி, 'செய்யவைத்தல்' என்னும் 'ஷி'யோடு தொடரும் வாக்கியம். 'இந்தக் கள ஆய்வின் மூலம், நாங்கள் உணரும்படி செய்தது' என்பது போன்ற அமைப்பு. செய்தது எது? எழுவாயே இல்லை. 'மூலம்' என்னும் 'தோங்குவோ' முன்னால் நின்றதால் கள ஆய்வு எழுவாயாக முடியாமல் போய்விட்டது. தமிழில் 'உணர்ந்தோம்' என்றாலே 'நாங்கள்' உள்ளே இருக்கிறது; வினைமுற்றின் விகுதி எழுவாயைக் காட்டிக்கொடுத்துவிடும். சீன வினைக்கு அப்படி விகுதி கிடையாது. அதனால் எழுவாய் விடுபட்டது நம் கண்ணில் சட்டென்று படுவதில்லை. இரண்டில் ஒன்றை நீக்கினால் போதும்: 'தோங்குவோ' போனால் கள ஆய்வே எழுவாயாகிவிடும், 'ஷி' போனால் 'நாங்கள்' எழுவாயாகிவிடும். சீனப் பள்ளிகளில் இத்தகைய வாக்கியத்துக்கு 'பிங்ஜ்யூ', அதாவது 'நோயுற்ற வாக்கியம்' என்று பெயர். திருத்தச் சொல்லித் தேர்வில் கேட்பார்கள். சீனர்களும் செய்யும் பிழை என்பதால், எங்கோ படித்தேன் என்று அப்படியே எடுத்து எழுதுவது ஆபத்து.

பெயரெச்சத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'நான் நேற்று நூலகத்தில் படித்த புத்தகம்' என்ற சொல்வரிசை சீனத்திலும் ஏறக்குறைய அப்படியே அமையும். ஆங்கிலம் வழியாகச் சிந்திப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஆனால் தமிழில் நான்கைந்து எச்சங்களை அடுக்குவது போலச் சீனத்தில் அடுக்கினால், முக்கியப் பெயர்ச்சொல் வருவதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார். வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

எண்களில் வரும் தவறு மொழிப்பிழையாக நிற்காது, ஆய்வின் முடிவையே மாற்றிவிடும். சீன எண்கள் நான்கு இலக்கங்களாகக் கூடுகின்றன: 10,000 என்பது ஒரு 'வான்', பத்துக் கோடி என்பது ஒரு 'யீ'. லட்சத்தை முதலில் மில்லியனாக்கி, பிறகு வானாக்கும்போது ஒரு சுழியம் தொலைகிறது. நேராக மாற்றுவதே நல்லது: ஒரு லட்சம் 10 வான், ஒரு கோடி 1,000 வான், 140 கோடி 14 யீ. 'ட்ஸெங்ஜியா' என்னும் 'அதிகரித்தல்' இன்னும் நுட்பமானது. 100 என்ற எண் 'ட்ஸெங்ஜியா லே லியாங் பெய்' என்றால் இரு மடங்கு கூடி 300 ஆகிவிட்டது. 'ட்ஸெங்ஜியா தாவ் லியாங் பெய்' என்றால் 200தான். நடுவில் ஓரசைதான் வேறு. குறைவதைச் சொல்ல 'மடங்கு' என்னும் 'பெய்'யையே தொடாதீர்கள். பின்னமோ விழுக்காடோ போதும்.

தட்டச்சில் ஒரு கண்ணி இருக்கிறது. 'உரிமை', 'அதிகாரம்' இரண்டுமே சீனத்தில் 'ச்சுவான்லி'தான். ஒலியும் தொனியும் ஒன்றே, இரண்டாம் எழுத்து மட்டும் வேறு. ஒலிப்பை அடித்ததும் திரையில் முதலில் வருவதைத் தேர்ந்துவிட்டால், குடிமக்களின் உரிமை பற்றிய கட்டுரை குடிமக்களின் அதிகாரம் பற்றியதாகிவிடும். எழுத்துத் திருத்தி இதைப் பிடிக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

நிறுத்தக்குறிகள் சிறிய விஷயம், ஆனால் முதல் பார்வையிலேயே தெரியும். முற்றுப்புள்ளி ஒரு சிறு வட்டம். சொற்களை அடுக்கும்போது சாதாரணக் காற்புள்ளி அல்ல, 'துன்ஹாவ்' என்னும் சாய்ந்த சிறு துளி. நூல், கட்டுரைத் தலைப்புகளுக்கு இரட்டைக் கோணக் குறி. பத்தித் தொடக்கத்தில் இரண்டு எழுத்து இடம் விட வேண்டும்.

நல்ல கட்டுரைகளிலிருந்து முழு வாக்கியங்களைச் சேகரித்து வைத்து ஒட்டுவது, அயல்மொழியில் எழுதும் பதற்றத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை. அதைச் செய்யாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் பட்ட ஆய்வேட்டை ஏற்பதற்கு முன் 'ஜிவாங்' போன்ற தரவுத்தளங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன, ஒட்டியது தெரிந்துவிடும். சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 'துய்' என்று தொடங்கி 'ஜின்ஷிங்' என்று தொடர்வது போன்றவை யாருக்கும் சொந்தமல்ல. ஒரு சொல் அந்தச் சட்டகத்தில் பொருந்துமா என்று ஐயம் வந்தால், பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சி.சி.எல். மொழித் தரவகத்தில் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வரிசையாக எடுத்துக்காட்டுகள் வந்தால் எழுதலாம். ஒன்றிரண்டுகூடத் தேறவில்லை என்றால் 'ஜின்ஷிங்'கை விட்டுவிட்டு வினையை மட்டும் எழுதுங்கள்.