மொட்டை மாடியில் கணப்பு: தொட்டியின் காலைக் குறைக்காதீர்கள்

மார்கழி பிறந்தால் போதும், என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் ஒரே மாதிரிப் படத்தை நீட்டுகிறார்கள். மொட்டை மாடி, நாலு மூங்கில் நாற்காலி, நடுவில் தரையோடு தரையாக ஒரு நெருப்புத் தொட்டி. “கால் வேண்டாங்ண்ணா, உசரமா இருந்தா லுக்கே போயிரும்” என்றார் கோவைப்புதூர்த் தம்பி ஒருவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். செய்தவனும் நானே, வாங்கியவனும் நானே என்பதால் மறுத்துப் பேச ஆளில்லை.

பெட்ரோல் ஊற்றாதே, துணிக்கொடிக்கு அடியில் வைக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காதது

என் முதல் தொட்டி 3 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு, இரண்டடி விட்டம், மூன்று அங்குலக் கால். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. சவுக்கு விறகு நன்றாகப் பிடித்து எரிந்தது. முக்கால் மணி நேரத்தில் அடியில் ‘டப்’பென்று சத்தம். விறகுதான் வெடிக்கிறது என்று சோளக்கதிரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். காலையில் தொட்டியை நகர்த்தினால் மூன்று கூலிங் டைல்ஸ் பெயர்ந்து நிற்கிறது, ஒன்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டு மறந்துபோனேன்.

ஐப்பசி மழையில் கீழே அம்மா படுக்கிற அறையின் கூரையில் ஈரம் பூத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியை மட்டும் வைத்தார்.

டைல்ஸும் கான்கிரீட்டும் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும். சூடு 100 டிகிரியைத் தாண்டினால் அது ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியே வர வழியில்லாவிட்டால் பிளந்துகொண்டுதான் வரும். அடியில் இருக்கிற வாட்டர்ப்ரூபிங் பூச்சு சூட்டில் இளகிப் பிடியை விட்டுவிடும். அனல் மேலேதான் போகும் என்பது பாதி உண்மை. தணல் கிடக்கிற தகடு கீழேயும் அனல் வீசும். தொட்டிக்கு 4,000 ரூபாய் ஆனது, கூரைக்கு 38,000. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது ஓரடிக்குக் குறைந்து நான் கால் வைப்பதில்லை. தொட்டிக்குக் கீழே இரண்டங்குலம் விட்டு இன்னொரு தகடு, அதற்கும் கீழே தரையில் இடைவெளி விட்டு ஒரு வரிசைச் செங்கல். முதல் தடவை அரை மணி நேரம் எரித்துவிட்டு, ஓரமாக ஒரு செங்கல்லை இடுக்கியால் நகர்த்தி, தரைக்கு மேலே கையைக் காட்டிப் பாருங்கள். கை சுட்டால் அன்றோடு நிறுத்துங்கள். மணல் கொட்டினால் போதாதா என்பார்கள். மணல் சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது. முடிந்ததும் வாளித் தண்ணீரைச் சளாரென்று ஊற்றி அணைப்பதும் வேண்டாம். சுட்ட டைல்ஸ் அதிலேயே விரியும்.

பழைய ஜி.ஐ. டிரம்

இதை நெருப்புத் தொட்டியாக்க வேண்டாம். ஜி.ஐ. என்றால் இரும்பு, அதன் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், தணலின் சூடு அதற்கும் மேலே. துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும் என்பது வெல்டிங் செய்கிறவர்களுக்கு அனுபவப் பாடம்.

கூழாங்கல் அலங்காரம்

ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் இருக்கும். வெடிக்கும்.

கேஸ் என்றால் பயமில்லை என்ற நினைப்பு

புகையில்லை, பொறியில்லை, சரி. ஆனால் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் எழுப்பிய மாடியில் கசிந்தால் தரையிலேயே தேங்கும், இல்லாவிட்டால் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கும். படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எத்தனால் என்ற எரிசாராயத்தில் எரிகிற தொட்டியா? தீ அணைந்து, தொட்டி முழுக்க ஆறிய பிறகுதான் மறுபடி ஊற்ற வேண்டும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது.

இடம்

சுவர், பந்தல், மரக்கிளை எல்லாவற்றிலிருந்தும் பத்தடி கிடைக்காவிட்டால் விறகை மறந்துவிடுங்கள்.

மிச்சத் தணலை அறைக்குள் கொண்டுபோவது

கூடாது. கொடைக்கானல் பக்கம் கரி அடுப்போடு கதவைச் சாத்திப் படுத்து, எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கோவைப்புதூர்த் தம்பிக்கு ஓரடிக் கால் வைத்துத்தான் கொடுத்தேன். மறுநாளே போட்டோ அனுப்பியிருந்தார். காலை மறைக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் பூந்தொட்டி அடுக்கியிருக்கிறார்.