கேமரா அப்புறம், முதலில் கிழக்கு எது என்று பாருங்கள்: புதுச்சேரி, கடலூர் பக்கம் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

பழைய வீடுகளையும் வயல்வெளியையும் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கிற போனே போதும். இந்த வகைப் படத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதுதான். அதற்குக் காசு கிடையாது, சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவே.

1. சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது?

புதுச்சேரி பழைய நகரத்தில் வீதிகள் கட்டம் போட்ட மாதிரி இருப்பதால் இது சுலபம். துய்மா வீதி போன்றவை வடக்குத் தெற்காக ஓடுகின்றன, அதனால் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். கிழக்கு பார்த்ததைக் காலையிலும் மேற்கு பார்த்ததை மாலை நாலரைக்கு மேலும் எடுங்கள். அதே வீதியில் கடலைப் பார்த்தபடி நிற்கும், 1855-இல் கட்டி முடித்த சம்மனசுகளின் ராக்கினி தேவாலயத்தைக் காலை ஏழு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். மாலையில் போனால் வானம் வெளுத்து முகப்பு இருண்டு கிடக்கும், எவ்வளவு விலை கொடுத்த கேமராவும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே வீடுகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு பார்த்த வீட்டுக்கு நாள் முழுக்க வெயில் உண்டு, எதிர்வரிசை நிழலிலேயே கிடக்கும். வடக்கு பார்த்த வீடு பிடித்துப்போய்விட்டதா? மே முதல் ஜூலை வரை காத்திருங்கள், அப்போது விடியற்காலை வெயில் வடகிழக்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு போகும். காரை பெயர்ந்த இடம், செங்கல் வரிசை, கதவின் ஆணி எல்லாம் தெரிவது அப்படி உரசும் வெயிலில்தான், நேராக அடிக்கும் வெயிலில் அல்ல.

2. போனில் மூன்றே மூன்று வேலை

கேமரா அமைப்பில் கட்டக்கோடு (grid, கோணல் தெரிய திரையில் விழும் குறுக்கு நெடுக்குக் கோடுகள்) என்பதை ஆன் செய்யுங்கள். லென்ஸைத் துடையுங்கள், கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் நின்றாலே உப்புக் காற்றில் பிசுபிசுவென்று ஆகிவிடும் (ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் பனி மாதிரி படியும், பையிலேயே கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்). மூன்றாவது, திரையில் தொட்டு அழுத்திப் பிடித்து விரலை மேலே கீழே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பழகுங்கள். திரை முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கும், அங்கே கூட்டுங்கள். சூரிய உதயம் என்றால் குறையுங்கள்.

3. கட்டடத்தைச் சாயவிடாதீர்கள்

உயரமான முகப்பின் அருகில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்பக்கம் சரிவது போல் வரும். போனை நிமிர்த்திப் பிடித்து, எதிர்ச்சாரி வரைக்கும் பின்னால் போய், தேவைப்பட்டால் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். குறுகின தெருதானே என்று அகலக் கோண லென்ஸுக்கு மாறினால் ஓரத்துத் தூண்கள் இழுபட்டுப் போகும். இடம் போதவில்லையா, முழு வீட்டையும் விட்டுவிட்டு திண்ணையும் தாழ்வாரத்து மரத்தூணும் மட்டும் எடுங்கள். தமிழர் பகுதி வீடுகளுக்கு அதுதான் அழகு என்பது என் கட்சி. தாழ்வாரம் இருட்டு, தெரு வெளிச்சம், ஆகவே இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் சமன் செய்யும் எச்டிஆர் (HDR) ஆனில் இருக்கட்டும்.

திண்ணையில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். "ஆயா, திண்ணையை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், சில சமயம் வீட்டு வரலாறும் கிடைக்கும். காவலர் நிற்கிற அரசுக் கட்டடம், கோயில் கருவறை இரண்டும் வேண்டாம். அரிக்கமேடு மாதிரி தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடு விரிப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுப் பகுதியில் எட்டு மணிக்கு மேல் கல்யாண ஜோடிகளும் கேமராக் குழுக்களும் மஞ்சள் சுவர்களைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள், வாரநாளில் போவது உத்தமம்.

4. இடிபாடு என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் ஓரமாக இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய் செஞ்சி மாதிரி மதிலும் கொத்தளமும் தேடினால் ஏமாற்றம்தான். 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய கோட்டை அது, 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து அரண்களை இடித்துவிட்டார்கள். அதனால் அகலமாக எடுத்தால் படத்தில் ஒன்றும் இருக்காது. மிச்சமிருக்கிற செங்கல், சுண்ணாம்பு, இடுக்கில் வேர் விட்ட செடி என்று கிட்டே போங்கள். அளவு தெரிய ஒரு மனிதரோ சைக்கிளோ ஓரமாக வரட்டும்.

5. வயலுக்குப் போகும்போது

கண்ணுக்குப் பரந்து விரிந்து தெரிகிற பாகூர் ஏரி, படத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும், புதிதாக எடுக்கிற எல்லாருக்கும் வரும் சிக்கல் இது. கிட்டத்தில் ஒரு பொருள் வேண்டும். வளைந்து போகும் வரப்பு, மோட்டார் கொட்டகை, வைக்கோல் போர், ஒற்றைப் பனை, எதுவாக இருந்தாலும் சரி. குந்தி உட்கார்ந்து போனை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் வரப்பு உங்களிடமிருந்து தொடங்கி உள்ளே போகும். வானத்தையும் நிலத்தையும் பாதிப்பாதியாகப் பிரிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் மேகம் திரண்டு நிற்கும், அப்போது வானத்துக்கு அதிக இடம் கொடுங்கள். சித்திரை வெயிலில் வானம் வெறும் வெள்ளை, அதை மேலே ஒரு கீற்று மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள்.

நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் வானம் அப்படியே தெரியும், காற்று கிளம்புவதற்கு முன் போக வேண்டும். கதிர் முற்றிய சம்பா வயலைத் தை மாதம் சூரியனுக்கு எதிரே நின்று எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கதிரின் ஓரமும் மின்னும். வரப்பில் நடக்கலாம், பயிரில் கால் வைக்கக் கூடாது.

6. வீட்டுக்கு வந்ததும்

எடுத்ததில் முக்கால்வாசியை அன்றைக்கே அழித்துவிடுங்கள். மிச்சத்தை ஸ்னாப்சீட் ஆப்பில் திறந்து முதலில் கோணலை நிமிர்த்துங்கள், பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். நிறத்தைக் கூட்டும் பொத்தானில்தான் கை பரபரக்கும், மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கினால் பாதிக்குக் குறைத்துவிடுங்கள். மின்கம்பியை அழிக்க மெனக்கெட வேண்டாம், நம் தெருவில் கம்பி இருக்கத்தான் செய்கிறது. கடைசியாக ஃபோல்டருக்கு இடம், மாதம், மணி, சுவரின் திசை நான்கையும் பெயராக வையுங்கள், அடுத்த ஆனியில் அதே வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.